முடியாதுக்கும் மாட்டேனுக்கும் நடுவே

அத்தியாயம் 11

திருத்த வேண்டிய ஒரே ஒரு வரியைத் திருத்தாமல் விட்டுவிட்டு வந்த டீச்சருக்கு, இரவெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லை.

இந்த வாரம்தான் கதையைக் கையில் எடுக்கிறவர்களுக்காக நாலு வார்த்தை.

டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறாள். இந்தப் பருவம் இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளை அளவு நாடாவோடு தெருவில் இறக்கிவிட்டாள். சக்கர நாற்காலியில் வருகிறவர், கண் தெரியாதவர், காது கேளாதவர், இவர்களெல்லாம் எந்தக் கட்டடத்துக்குள் போக முடியும், எங்கே முடியாது என்று பார்த்து வர வேண்டும். பார்த்ததை இங்கிலீஷில் எழுத வேண்டும், இங்கிலீஷில் பேச வேண்டும். பிள்ளைகள் தபால் நிலையத்தை அளந்தார்கள். வங்கியை அளக்கப் போய்க் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மூன்றாம் குழுவுக்கு மட்டும் கட்டடம் இல்லை, ஒரு மனிதரைப் பேட்டி எடுக்க வேண்டும். அந்த மனிதர் டீச்சரின் கூடப்பிறந்த தங்கை.

தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். முப்பத்து நாலு வயதிலும் சின்னவள்தான். ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது இரண்டு கால்களின் பலத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடம் தரைத்தளத்தில் இருந்தது, வகுப்பில் முதலாவதாக வந்தாள். கல்லூரி வகுப்பு இரண்டாவது மாடியில் இருந்தது, ஆறே வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். தூக்கிப் போகிற தோழிகள் இரண்டு பேரும் வராத ஒரு நாள், மாடிப்படியின் அடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "என்னால முடியாதுப்பா" என்றாள்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. கல்லூரி அலுவலகமோ இங்கிலீஷில்தான் கடிதம் கேட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூத்தவளுக்கு, அதாவது நம் டீச்சருக்கு, வேலைக்கான நேர்முகத் தேர்வு. ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தாள். அப்பா கையெழுத்துப் போட்டார். முடியாது என்று தங்கை சொன்னது கடிதத்தில் 'நாட் வில்லிங்' ஆகியிருந்தது. விருப்பமில்லை.

கல்லூரி கொடுத்த விலகல் சான்றிதழிலும், விலகிய காரணம் என்ற இடத்தில் அதே இரண்டு வார்த்தை ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு விண்ணப்பித்த இரண்டு கல்லூரிகளும், அப்போது இல்லாத விருப்பம் இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கைவிரித்தன. சொந்தக்காரர்கள், 'படிக்க மாட்டேன்னு வந்துட்டா' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். கடிதம் போன இரண்டாவது மாதம், கால் முறிந்த ஒரு பேராசிரியருக்காக அதே வகுப்பு தரைத்தளத்துக்கு இறங்கி வந்ததும் நடந்தது.

அந்த இரண்டு வார்த்தையைத் தன் இஷ்டத்துக்கு எழுதியது கல்லூரி கிளார்க் என்று சின்னவள் இன்றுவரை நம்புகிறாள். டீச்சரும் பதினாறு வருடமாக அப்படியே நம்ப விட்டிருக்கிறாள்.

இப்போது மூன்றாம் குழுவின் சார்ட்டில் அந்தச் சான்றிதழின் நகல் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே கொட்டை எழுத்தில், 'ஷீ வாஸ் நாட் வில்லிங் டு ஸ்டடி.' இன்று காலை பதினொரு மணிக்குக் கண்காட்சி. சின்னவள் வருகிறாள். வந்தால் படிப்பாள்.

*

காலை ஆறே முக்கால். சின்னவள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்கிற குறிப்புகளைக் கேட்டு இங்கிலீஷில் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. இடது காதா வலது காதா என்று டாக்டரே தடுமாறுகிற இடத்தில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புவாள். அவள் கைபட்டு இதுவரை ஒரு காதும் இடம் மாறியதில்லை.

"அக்கா, இந்த டாக்டர் வாயில எதை அதக்கிக்கிட்டுப் பேசறார்னே தெரியலை. பத்து நிமிஷப் பதிவு, ஒரு மணி நேரம் உயிரை எடுத்துட்டார். அந்த கிளார்க்குக்குத் தம்பியா இருப்பாரு."

'அந்த கிளார்க்' இந்த வீட்டில் ஓர் ஆள் மாதிரி. கரன்ட் போனால் அந்த கிளார்க். பால் திரிந்தால் அந்த கிளார்க். முகம் தெரியாத ஒரு மனிதருக்குப் பதினாறு வருடமாக இங்கே அர்ச்சனை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் டீச்சர் எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவுவாள்.

இன்றும் எழுந்து போனாள். அவள் கணவர் பின்னாலேயே வந்தார். லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சத்தம் எந்த இடத்துக் கோளாறு என்று காதாலேயே சொல்லிவிடுவார்.

"கழுவின டம்ளரையே கழுவற. அப்ப இன்னும் சொல்லலை."

"மெதுவாப் பேசுங்க."

"நான் மெதுவாத்தான் பேசறேன். நீதான் பேசவே மாட்டேங்கற."

"இப்ப சொன்னா கிளம்ப மாட்டா. ஆஸ்பத்திரியைத் தவிர அவ வெளில போய் எத்தனை நாளாச்சு. நேத்து நாற்காலிச் சக்கரத்தைப் பிரஷ் வச்சுத் தேய்ச்சிருக்கா, பாத்தீங்களா?"

"பாத்தேன். அப்படித் தேய்ச்சுக்கிட்டு வந்து உன் வகுப்பு சார்ட்டுல அந்த வரியைப் படிக்கணுமா? அன்னைக்கு அவசரத்துல எழுதினே, சரி. இன்னைக்கும் அதை விட்டுவச்சா, நீயே உக்காந்து ரெண்டாவது தடவை எழுதின மாதிரி."

"முதல் மணி அடிக்கறதுக்குள்ள போய்த் திருத்திடறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"சாயங்காலம்," என்றார் அவர். எத்தனை சாயங்காலங்களைப் பார்த்தவர்.

"அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" சின்னவள் சமையலறை வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "மாமா, பதினொரு மணின்னா பத்தரைக்கு நான் வண்டியில இருக்கணும். உங்க லிஃப்ட் மாதிரி இதோ வருது இதோ வருதுன்னு நிக்க வச்சிடாதீங்க."

"லிஃப்டை நிக்க வைக்கறது நான் இல்லம்மா. மூணாவது மாடிக்காரங்க."

"அக்கா, நிஜமா கீழ்த்தளம்தானே?"

"லைப்ரரிலதான். வாசல்ல இருந்து நேரா உருட்டிக்கிட்டு வந்துடலாம். எச்.எம். எழுதியே கொடுத்திருக்காங்க."

"அப்ப சரி. என்னைப் பத்திப் பசங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்கணும். அதுல ஒருத்தி இருக்காளே, கேள்வி கேட்டே என்னைச் சக்கையாப் பிழிஞ்சுட்டா. போலீஸ்ல சேரப் போறியான்னு கேட்டேன். இல்ல ஆன்ட்டி, டிக்‌ஷனரி எழுதப் போறேங்கறா."

டீச்சர் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

*

எட்டே முக்காலுக்கு அவள் பள்ளிக்குள் நுழைந்தபோது சார்ட்டுகள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தன. தபால் நிலையம் முன்னால் போனது. வங்கி பின்னால் போனது. பேருந்து நிலையத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"எங்க போறீங்க எல்லாரும்? லைப்ரரின்னுதானே சொன்னேன்?"

"மேல ஹால்ல வைக்கச் சொல்லிட்டாங்க டீச்சர்."

லைப்ரரியை எட்டிப் பார்த்தாள். புத்தக மேஜைகளின்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. துணியின்மேல் டீக் கப்புகள் வரிசை பிசகாமல் கவிழ்ந்திருந்தன.

எச்.எம். தன் அறையில் சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷி இல்லை. தலைக்கு மேல் வேலை இருக்கிறவர், அவ்வளவுதான்.

"மேடம், லைப்ரரின்னு நீங்களே எழுதிக் கொடுத்தீங்க."

"கொடுத்தேன். இப்ப கல்வி அதிகாரி வராரே. அவருக்கு டீ கொடுக்க எனக்கு ஒரு ரூம் வேண்டாமா? ஸ்டாஃப் ரூம்ல ஃபேன் ஓடலை."

"டீயை மேல கொடுங்க. கண்காட்சி கீழ இருக்கட்டும்."

"கப்பையும் கெட்டிலையும் தூக்கிக்கிட்டு இருபத்திரண்டு படி ஏறச் சொல்றீங்களா? கொட்டிடும் டீச்சர்."

"என் தங்கச்சியைத் தூக்கிக்கிட்டு ஏறலாமா?"

"ஏன் முடியாது? பதினொண்ணாம் கிளாஸ் பசங்க நாலு பேருகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பூ மாதிரி கொண்டுபோய் மேல வச்சிடுவாங்க."

"அவளைத் தூக்கறது அவளுக்குப் பிடிக்காது மேடம். பசங்க எழுதின பேட்டியில முதல் பக்கமே அதுதான். சாமான் மாதிரி தூக்காதீங்கன்னு."

"ஒரு மணி நேர விஷயம். நொண்டிச் சாக்கெல்லாம் சொல்லாதீங்க டீச்சர்."

வாசலில் ஏதோ சரசரத்தது. கையில் பசை டப்பாவோடு நின்ற ஒரு மாணவி, பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். மூன்றாம் குழுவின் தலைவி அவள்தான். ஒரு வார்த்தையையும் சும்மா விடாதவள் என்பதால் வகுப்பே அவளை அகராதி என்று கூப்பிடும்.

"என்னம்மா எழுதற?" என்றார் எச்.எம்.

"இந்த மாதிரி வார்த்தையெல்லாம் சேக்கறோம் மேடம். உடம்பை வச்சுத் திட்டற வார்த்தை. நீங்க சொன்னது நாப்பத்து மூணாவது."

எச்.எம்.முக்கு அது புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்தபோது கோபம் டீச்சர் பக்கம் திரும்பியது. "பாருங்க. அஞ்சாம் குழு நம்ம ஸ்கூலையே அளந்து வச்சிருக்கு. சரிவுப் பாதை முடியற இடத்துல கம்பிக் கதவு பூட்டியிருக்காம், சாவி வாட்ச்மேன்கிட்டயாம், வாட்ச்மேன் சாயங்காலம்தான் வருவாராம். அந்தச் சார்ட்டை நான் பீரோவுல வச்சிட்டேன். இது இங்கிலீஷ் வாரம் டீச்சர். புகார் வாரம் இல்லை."

சுவரோடு பேசியிருந்தால் சுவராவது எதிரொலித்திருக்கும். டீச்சர் வெளியே வந்தாள். அகராதி விடவில்லை, கூடவே ஓடி வந்தாள்.

"டீச்சர், ஒரே ஒரு சந்தேகம். நேத்தே கேக்கணும்னு இருந்தேன். ஆன்ட்டி பேட்டியில, 'என்னால முடியாதுன்னு சொன்னேன்'னாங்க. சர்டிஃபிகேட்டுல நாட் வில்லிங்னு இருக்கு. அதைப் பாத்துத்தான் சார்ட்டுல எழுதினோம். அப்படியே விடறதா, மாத்தறதா?"

இதுதான் சமயம். வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு வந்ததும் இதுதான். சிவப்புப் பேனா கைப்பையில் இருந்தது. திருத்தினால், 'அப்ப அதை யார் டீச்சர் தப்பா எழுதினது?' என்று அடுத்த கேள்வி வரும். இவள் விடமாட்டாள்.

"சர்டிஃபிகேட்டுல இருக்கறதையே போடு."

"ஆனா டீச்சர், முடியாதுன்னா கேன்ட்டும் வருது, வோன்ட்டும் வருது. யாராவது வேலை சொன்னா, முடியாது போங்கறோம், அது வோன்ட். பாரம் தூக்க முடியலை, அது கேன்ட். 'என்னால'ன்னு சேத்தா கேன்ட் மட்டும்தானே டீச்சர்? ஆன்ட்டி என்னாலன்னு..."

"அதான் அப்படியே போடுன்னு சொல்றேன்ல. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி. போய் மேல ஒட்டு."

அகராதியின் முகம் சுருங்கியது. டீச்சர் இதுவரை எந்தக் கேள்விக்கும் அவளை அதட்டியதில்லை. பசை டப்பாவை மூடிக்கொண்டு படியேறிப் போனாள்.

டீச்சருக்குத் தன்னைத்தானே ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. நாலு வாரமாக, சரியான வார்த்தையைப் போடுங்கள், வார்த்தை மாறினால் ஆளே மாறிவிடும் என்று தொண்டை கிழியக் கத்தியவள் அவள்தான். சரியாகக் கேட்ட ஒரே பிள்ளையின் வாயை அடைத்தவளும் அவள்தான்.

கம்பிக் கதவுக்குச் சாவி தேடினாள். அலுவலகத்தில் இல்லை. வாட்ச்மேனின் போன் அணைத்துக் கிடந்தது. தங்கைக்கு 'வராதே' என்று தட்டினாள். அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரணம் கேட்பாளே, என்ன எழுதுவது? அழித்தாள். மணி பத்தே முக்கால். வாசலில் வேன் சத்தம் கேட்டது.

*

வேனின் பின்கதவைத் திறந்து லிஃப்ட்காரர் இரண்டு அலுமினியப் பலகைகளைச் சாய்த்தார். சின்னவள் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து அளவாக இறங்கினாள். சரிவுப் பாதையில் ஏறினாள். கதவின் முன் நின்றாள்.

"பூட்டியிருக்கு," என்றாள்.

"சாவி..." என்று டீச்சர் தொடங்குவதற்குள் அவர் ஸ்பேனரை எடுத்துவிட்டார். இரண்டே நிமிடம். கம்பிக் கதவு பூட்டோடு சேர்ந்து சுவரில் சாய்ந்து நின்றது.

"பூட்டை நான் தொடலை. கீலைத்தான் கழட்டினேன். போறப்ப மாட்டிடறேன்."

நடைக்குள் வந்ததும் சின்னவள் லைப்ரரி வாசலில் நாற்காலியை நிறுத்தினாள். வெள்ளைத் துணியையும் கப்புகளையும் பார்த்தாள்.

"கண்காட்சி டீக் கப்புக்கா?"

"சின்னு, காலைலேருந்து மல்லுக்கட்டறேன். மேல மாத்திட்டாங்க. கேக்கவே மாட்டேங்கறாங்க."

"எத்தனை படி?"

"இருபத்திரண்டு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அக்கா."

அதற்குள் எச்.எம். அதிகாரியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதிகாரி தோளில் சால்வை. பின்னால் சட்டைக் கையை மடித்துவிட்ட நாலு பெரிய பையன்கள். மாடிப்படியின் வளைவில் அகராதி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க வாங்க. நீங்கதான் நம்ம சிறப்பு விருந்தாளி," என்றார் எச்.எம். "தம்பிங்களா, பாத்துத் தூக்குங்க."

ஒருவன் நாற்காலியின் கைப்பிடியில் கைவைத்தான். சின்னவள் சட்டென்று பிரேக்கைப் போட்டாள்.

"கையை எடுப்பா."

"பயப்படாதீங்கம்மா, பசங்க கெட்டியாப் பிடிப்பாங்க."

"பயமில்லைங்க. முடியாது."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எச்.எம். அவர் பக்கம் திரும்பி, மரியாதையான இங்கிலீஷில் விளக்கினார்.

"ஷீ இஸ் நாட் வில்லிங், சார்."

மேலிருந்து ஒரு குரல் வந்தது. "இல்ல சார். ஷீ இஸ் வில்லிங். ஷீ கேம். ஸ்டெப்ஸ் ஆர் நாட் வில்லிங்."

அதிகாரி மனம்விட்டுச் சிரித்தார். "வெரி குட். எந்த கிளாஸ் பாப்பா? இங்கிலீஷ் நல்லாப் பேசறியே." அகராதியின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு மேலே ஏறினார். எச்.எம். கூடவே ஏறினார். தூக்க வந்த பையன்கள் தூக்க ஆள் இல்லாமல் அவர்கள் பின்னால் ஏறினார்கள். பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருபத்திரண்டு படியையும் முடித்தார்கள்.

சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

"அந்த கிளார்க் இங்கயும் வேலை பாக்கறான் போல."

வீட்டில் என்றால் டீச்சர் எழுந்து போயிருப்பாள். இங்கே போக இடமில்லை.

"கிளார்க் இல்ல, சின்னு."

"தெரியுது, எச்.எம். சும்மா சொன்னேன்."

"இன்னைக்கைச் சொல்லலை. அன்னைக்கும் கிளார்க் இல்ல. நான்தான்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா கொடுத்த லெட்டர், கையெழுத்துதான் அப்பாவோடது. இங்கிலீஷ் என்னோடது. அதுல இருந்ததைப் பாத்துத்தான் கிளார்க் சர்டிஃபிகேட்டுல எழுதினாரு. அந்த மனுஷன் மேல ஒரு தப்பும் இல்ல."

லிஃப்ட்காரர் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அகராதி நழுவப் பார்த்தாள்.

"நீ இரும்மா," என்றாள் சின்னவள். பிறகு அக்காவிடம், "அன்னைக்கு நான் சொன்னது நினைவிருக்கா?"

"முடியாதுன்னு..."

"முழுசாச் சொல்லு."

"என்னால முடியாதுப்பான்னு சொன்னே."

"அந்த 'என்னால' எங்க போச்சு அக்கா?"

டீச்சர் திரும்பிப் படிகளைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை. இங்கிலீஷ்ல அதுக்கு இடம் இல்லையா?"

"இருக்கு. அவசரத்துல எழுதிட்டேன். ஒன்பது மணிக்கு எனக்கு இன்டர்வியூ."

"வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"எந்த வேலை?"

அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"இந்த வேலைதான்," என்றாள் டீச்சர். "இங்கிலீஷ் டீச்சர்."

மேலே ஹாலில் கைதட்டல் கேட்டது. யாரோ வரவேற்புரையை முடித்திருக்க வேண்டும்.

"உங்க சார்ட்டை எடுத்துட்டு வா," என்று சின்னவள் அகராதியிடம் சொன்னாள். அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். மடியில் விரித்து வைத்து, டாக்டர் குறிப்பைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தாள் சின்னவள். சான்றிதழ் நகலுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"நான் இப்படிச் சொல்லலையே. உன்கிட்டத் தமிழ்ல தெளிவாத்தானே சொன்னேன்?"

அகராதி திணறினாள். யாரைக் காப்பாற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

"நான் டீச்சர்கிட்ட கேட்டேன் ஆன்ட்டி. அப்படியே போடச் சொன்னாங்க."

"எப்போ?"

"இன்னைக்குக் காலைல."

"இன்னைக்குக் காலைல," என்று சின்னவள் திருப்பிச் சொன்னாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் டீச்சருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "பதினாறு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சதுக்கு அவசரம்னு ஒரு காரணம் வச்சிருக்கே. இதுக்கு என்ன வச்சிருக்கே?"

நகலைச் சார்ட்டிலிருந்து நிதானமாக உரித்தெடுத்தாள். கிழியாமல் வந்தது. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, வண்டியை எடுங்க."

"நானும் வரேன்," என்றாள் டீச்சர்.

"எதுக்கு? உனக்கு மேல வேலை இருக்கு. போய்ப் பாரு. படி ஏற உன்னால முடியும்."

நாற்காலி திரும்பியது. கீல் கழன்ற கதவைத் தாண்டி, சரிவில் இறங்கி, பலகையில் ஏறியது. லிஃப்ட்காரர் பலகைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். வீட்டுக்குப் போக வலப்பக்கம் திரும்ப வேண்டும். வேன் இடப்பக்கம் திரும்பியது.

"டீச்சர்," மாடியிலிருந்து எச்.எம். எட்டிப் பார்த்தார். "உங்க வகுப்புப் பிள்ளைங்க பேசத் தொடங்கிட்டாங்க. மூணாம் குழு எங்க? சார்ட் இருந்த இடம் காலியா இருக்கு."

டீச்சர் முதல் படியில் கால் வைக்கவில்லை. அகராதி சார்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நகல் இருந்த இடத்தில் பசையின் நாலு புள்ளி மட்டும் மினுங்கியது.

"டீச்சர், இப்ப என்ன எழுதட்டும்?"

டீச்சர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "நீ காலைல கேட்டியே, அதையே எழுது. நீ கேட்டதுதான் சரி. நான் சொன்னது தப்பு."

போன் அடித்தது. அவர்தான்.

"காலேஜுக்கு விடச் சொல்றா," என்றார். வேன் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது. "அந்த லெட்டரைக் கண்ணால பாக்கணுமாம். பழைய ஃபைல் எப்படியும் இருக்கும்ங்கறா."

"சரி."

"ஒண்ணு கேக்கச் சொல்றா. உன்கிட்ட அவ பேச மாட்டாளாம், நான் கேக்கணுமாம்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "லெட்டர்ல அந்த ஒரு வரி மட்டும்தானா, இன்னும் ஏதாவது எழுதியிருந்தியான்னு."

பதினாறு வருடத்துக் காகிதம். பூச்சி அரித்திருக்கலாம். ஃபைலே காணாமல் போயிருக்கலாம். ஒரே வரிதான் என்று சொல்லிவிட்டால் போயிற்று, மேலே பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ரெண்டு வரி," என்றாள் டீச்சர்.

"ரெண்டாவது வரி என்ன? எனக்கே நீ சொன்னதில்லையே."

அந்தப் பக்கம் வேன் ஓரம் கட்டி நின்றது. இன்ஜின் அணைந்தது. போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"சொல்லு," என்றாள் சின்னவள்.